பல்லடம் விசைத்தறிகளின் மேம்பாடு: பழைய பொறியும் புதிய கட்டுப்பாடும்

பழைய பொறி ஒன்றின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, அதை இயக்கிக் கட்டுப்படுத்தும் பகுதியை மட்டும் புதிதாக மாற்றுவதைப் பட்டறைகளில் 'ரெட்ரோஃபிட்' என்பார்கள். கோவைப் பகுதியில் இச்சொல் பெரும்பாலும் சி.என்.சி. மில்லிங் இயந்திரங்களைப் பற்றிய பேச்சில் வரும். அங்கிருந்து சற்றுக் கிழக்கே உள்ள பல்லடத்தில் இதே வேலை விசைத்தறிகளில் நடந்தது. அரசு ஆவணங்களில் அதற்குப் பெயர் 'இருக்கும் இடத்திலேயே தறி மேம்பாடு'. இவ்விரண்டு மாற்றங்களும் ஒரே தாய் வழியில் வந்தவை. ஆயினும் ஒன்று தந்த பலனை மற்றொன்று தரவில்லை. அதன் காரணத்தை அறியத் தறியின் உள்ளமைப்பையும், தறிக்காரரின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பல்லடமும் கூலி நெசவும்

பல்லடம், திருப்பூர் மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்று. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை இது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. திருப்பூர் என்றதும் பனியன் நினைவுக்கு வருவதால் பல்லடத்தையும் பின்னலாடை ஊராகவே பலர் எண்ணுகிறார்கள். அது முழுமையாகச் சரியன்று. பின்னலில் நூல் வளையம் வளையமாகக் கோக்கப்படுகிறது. நெசவில் நீளவாட்டில் ஓடும் பாவு இழைகளும், குறுக்கே செல்லும் ஊடை இழையும் ஒன்றையொன்று தாண்டித் துணியாகின்றன. பல்லடத்தின் அடையாளம் இந்த இரண்டாவது தொழில்தான். சோமனூர், மங்கலம், அவிநாசி எனச் சுற்றிலும் பரவிய விசைத்தறி வட்டாரத்தின் முக்கிய ஊர்களுள் பல்லடமும் ஒன்று.

மழை குறைந்த பகுதி இது. கிணற்றுப் பாசனம் கைவிட்ட இடங்களில் வேளாண் குடும்பங்கள் பல, வீட்டை ஒட்டி ஓட்டுக் கொட்டகை போட்டுத் தறி ஓட்டத் தொடங்கின. உள்ளூரில் அக்கொட்டகையைத் 'தறிக்குடோன்' என்பார்கள். இங்கு பெரும்பாலும் நடப்பது கூலி நெசவு. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் நெய்து, வெளுக்காத சாயமேற்றாத 'காடா' துணியாகத் திருப்பித் தருவார். இடையில் கிடைப்பது மீட்டர் கணக்கில் கூலி. நூலும் துணியும் தறிக்காரருக்குச் சொந்தமில்லை. தறியும் குடோனும் கடனும் அவருடையவை. இக்கட்டுரை முழுவதற்கும் இந்த ஏற்பாடு முக்கியம்.

சாதாரணத் தறியின் வேலை

எட்மண்ட் கார்ட்ரைட் இங்கிலாந்தில் 1785இல் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். பல்லடத்தில் இன்றும் ஓடும் சாதாரணத் தறியின் அடிப்படை அவர் வழியில் வந்ததே. அதில் ஐந்து இயக்கங்கள் உண்டு. பாவு இழைகளில் ஒரு பகுதியை மேலும் மறுபகுதியைக் கீழுமாகப் பிரித்து நடுவே வழி திறப்பது முதலாவது. அவ்வழியே நாடாவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எறிவது இரண்டாவது. நாடா விட்டுச் சென்ற ஊடையைப் பண்ணையால் அடித்துத் துணியோடு சேர்ப்பது மூன்றாவது. நெய்த துணியைச் சுருட்டுவதும், சுருட்டிய அளவுக்குப் பாவை விடுவதும் மற்ற இரண்டு.

கடைசியாகச் சொன்ன பாவு விடுதலில்தான் பழைய தறியின் எளிமையும் குறையும் ஒருங்கே தெரிகின்றன. பாவு உருளையின் ஓரத்தில் சங்கிலியோ கயிறோ சுற்றி, அதில் எடைக்கல்லைத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த உராய்வே பாவை இழுத்துப் பிடிக்கிறது. பாவு தீரத் தீர உருளையின் பருமன் குறைவதால் இழுவை மாறும். தறி ஓட்டுபவர் அவ்வப்போது எடையை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். அவர் மறந்தால் துணியில் அடர்த்தி மாறும். பாவு இழை ஒன்று அறுந்தாலும் அதைக் கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும். காணாவிட்டால் தறி தொடர்ந்து ஓடும். அறுந்த இழையின் இடைவெளி மீட்டர் கணக்கில் துணியில் கோடாக விழும். அந்தத் துணிக்குக் கூலிப் பிடித்தம் உண்டு.

இந்தக் குறைகளுக்குத் தீர்வு நெடுங்காலத்துக்கு முன்பே கண்டறியப்பட்டது. ஊடை அறுந்தால் தறி தானாக நிற்கும் அமைப்பை லங்காஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த கென்வொர்த்தி, புல்லோ ஆகியோர் 1841இல் உருவாக்கினர். அமெரிக்காவின் டிரேப்பர் நிறுவனம் 1890களில் சந்தைக்குக் கொண்டுவந்த நார்த்ராப் தறியில் தாரும் தானாக மாறியது. பாவு அறுந்தாலும் தறி நின்றது. ஆகவே பல்லடத்துத் தறிகளில் 21ஆம் நூற்றாண்டில் 'நவீனம்' என்று பொருத்தப்பட்டவற்றுள் சில, உலகுக்கு நூறாண்டுக்கும் மேல் பழையவை.

துளையட்டையிலிருந்து துளைநாடா வரை

பழைய பொறியின் மேல் புதிய கட்டுப்பாட்டை ஏற்றுவது என்னும் எண்ணமே தறியிலிருந்து வந்தது என்றால் மிகையாகாது. பிரான்சின் லியோன் நகரில் பட்டு நெசவில் பூவேலை செய்யப் பாவு இழைகளை ஒரு சிறுவன் கயிற்றால் தூக்கித்தர வேண்டியிருந்தது. பூஷோன், ஃபால்கோன், வொக்கான்சோன் ஆகியோர் 18ஆம் நூற்றாண்டில் செய்த முயற்சிகளைத் தொடர்ந்து, ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் தம் அமைப்பை நிறைவாக்கினார். அது முழுத் தறி அன்று. தறியின் தலைமேல் வைக்கும் ஒரு பெட்டி. துளையிட்ட அட்டைகள் அதில் ஒவ்வொன்றாக வரும். துளை இருந்தால் ஊசி உள்ளே செல்லும், இழை உயரும். துளை இல்லாவிட்டால் ஊசி தடுக்கப்படும், இழை அப்படியே இருக்கும். அட்டைக் கோவையை மாற்றினால் பூவும் மாறியது. அடியில் இருந்த தறி மாறவில்லை.

சார்லஸ் பாபேஜ் தம் பகுப்புப் பொறிக்கு இந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார். ஹெர்மன் ஹோலரித் 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் துளையட்டைகளைக் கொண்டு எண்ணிக்கை செய்தார். அவருடைய நிறுவனம் பிற நிறுவனங்களோடு இணைந்து பின்னாளில் ஐ.பி.எம். ஆயிற்று. இந்த ஐ.பி.எம். கணக்கிடு பொறி ஒன்றுதான் மில்லிங் இயந்திரத்தின் கதையைத் தொடங்கி வைத்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகளைத் தயாரித்து வந்தார். இறக்கையின் வளைவைச் சரிபார்க்கும் வார்ப்புருவை வெட்ட, வளைவின் மீது பல புள்ளிகளைக் கணக்கிட வேண்டியிருந்தது. அவருடன் பணியாற்றிய ஃபிராங்க் ஸ்டூலன் அந்தக் கணக்கைத் துளையட்டைப் பொறியில் செய்தார். புள்ளிகளைக் கணக்கிடும் பொறியே வெட்டும் பொறியையும் ஓட்டினால் என்ன என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க விமானப்படை 1949இல் நிதி கொடுத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வகம் வேலையை ஏற்றுக்கொண்டு 1952இல் செய்து காட்டியது. துளையிட்ட காகித நாடா கட்டளைகளைத் தந்தது. வெற்றிடக் குழாய்கள் நிறைந்த பெரிய அலமாரி அவற்றைப் படித்து, மூன்று திசைகளிலும் வெட்டுக்கருவியை நகர்த்தியது.

அங்கு ஓடியது புதிதாக வடிவமைத்த இயந்திரம் அன்று என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சின்சினாட்டி நிறுவனம் ஏற்கெனவே தயாரித்து வந்த ஹைட்ரோ-டெல் என்னும் மில்லிங் இயந்திரத்தைத்தான் மாற்றி அமைத்திருந்தார்கள். உலகின் முதல் எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரமே ஒரு ரெட்ரோஃபிட்.

உடல் முதலில் கிழடாகிறதா, மூளையா?

கோவையின் பொறியியல் தொழில் பஞ்சாலைகளை ஒட்டி வளர்ந்தது. நூற்பு இயந்திரங்கள் செய்ய 1962இல் தொடங்கப்பட்ட லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், 1988இல் சி.என்.சி. இயந்திரங்களுக்கெனத் தனிப் பிரிவு கண்டது. மோட்டார் பம்பு, வார்ப்படம், ஜவுளி இயந்திர உதிரிப் பாகம் என்று இயங்கும் ஏராளமான சிறு பட்டறைகளுக்குப் புதிய சி.என்.சி. வாங்க முதல் போதாது. இருபது, முப்பது ஆண்டு ஓடிய இயந்திரங்களை அவை வாங்கின. ரெட்ரோஃபிட் தேவைப்பட்டது அங்கேதான்.

பழைய மில்லிங் இயந்திரத்தில் முதலில் கைவிடுவது மின்னணுப் பகுதி. மின்தேக்கிகள் வறண்டு போகும். மின்கலம் தீர்ந்தால் நினைவகத்தில் இருந்த அளவுருக்கள் அழியும். பழுதான அட்டைக்கு மாற்று கேட்டால், அந்த வகை தயாரிப்பிலேயே இல்லை என்பார்கள். ஆனால் வார்ப்பிரும்பு அடித்தளத்துக்கு அத்தகைய முதுமை இல்லை. கனமான வார்ப்பு, அதிர்வை உள்வாங்கி அசையாமல் நிற்கும். எனவே கட்டுப்பாட்டுப் பெட்டி, செர்வோ மோட்டார், அதன் இயக்கி, நகர்வை அளக்கும் என்கோடர், கம்பிகள் ஆகியவற்றை மாற்றிவிட்டால் இயந்திரம் மறுவாழ்வு பெறும். திருகுதண்டில் சிறிது தளர்வு இருந்தால் அந்த அளவை மென்பொருளில் கொடுத்து ஈடுகட்டலாம். வழிப்பாதையே தேய்ந்திருந்தால் எந்தக் கட்டுப்பாட்டாலும் ஒன்றும் செய்ய இயலாது. அதைச் சுரண்டிச் சமன்செய்யத்தான் வேண்டும்.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1990களில் உருவாக்கிய கட்டுப்பாட்டு மென்பொருள் எவரும் பயன்படுத்தலாம் என்று வெளியிடப்பட்டது. அதன் வழிவந்ததே இன்றைய லினக்ஸ்சி.என்.சி. சாதாரணக் கணினியில் ஓடும் இத்தகைய மென்பொருளால், மூடிய பெட்டிக்குள் இருந்த கட்டுப்பாடு சிறு பட்டறைக்கும் எட்டும் விலைக்கு வந்தது.

சுருங்கச் சொன்னால், மில்லிங் இயந்திரத்தில் உடல் வாழும்போதே மூளை மூப்படைகிறது. தறியின் நிலை வேறு. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா அடிபட்டு நிற்கிறது. அத்தனை தடவையும் பண்ணை முன்னும் பின்னும் ஆடி அடிக்கிறது. தளர்வது சட்டமும் தண்டும் பல்சக்கரமும்தான். பழைய தறியில் 'மூளை' என்று சொல்லத்தக்க பகுதி ஏதும் இருந்ததில்லை. அந்த இடத்தில் தறி ஓட்டுபவரின் கண் இருந்தது. ஆகவே தறிக்கு ரெட்ரோஃபிட் என்றால், பெரும்பாலும் அந்தக் கண்ணின் வேலையில் ஒரு பங்கைப் பொறியிடம் ஒப்படைப்பதே.

அரசுத் திட்டங்கள்

1999இல் மத்திய அரசு தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் நோக்கம் புதிய இயந்திரங்கள். பல்லடம் வட்டாரத்தில் வசதியுள்ளவர்கள் நாடா இல்லாத் தறிகளுக்கு மாறினர். ஐரோப்பாவில் ஓடிப் பழகிய சுல்சர், ரேப்பியர் தறிகளைப் பழைய விலைக்கு இறக்குமதி செய்தவர்களும் உண்டு. 2005இல் வந்த ஒருங்கிணைந்த ஜவுளிப் பூங்காத் திட்டத்தில் பல்லடம் ஹைடெக் நெசவுப் பூங்கா அமைந்தது. ஆறு தறியும் எட்டுத் தறியும் வைத்திருந்த கூலிக்காரர்கள் இவற்றுக்கெல்லாம் வெளியே நின்றார்கள்.

அவர்களை மனத்தில் வைத்து 2013இன் இறுதியில் சாதாரண விசைத்தறிகளை இருக்கும் இடத்திலேயே மேம்படுத்தும் முன்னோடித் திட்டம் அறிவிக்கப்பட்டது. செலவில் பாதி மானியம். தறி ஒன்றுக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். ஒருவருக்கு அதிகபட்சம் 8 தறிகள். 2017 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய 'பவர்டெக்ஸ் இந்தியா' திட்டத்தில் இது ஒரு பகுதியாயிற்று. அதில் பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடும், பட்டியல் இனத்தவருக்கு 75, பழங்குடியினருக்கு 90 விழுக்காடும் மானியம். கோவையில் 1956இல் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான 'சிட்ரா', சோமனூர், பல்லடம் முதலிய ஊர்களில் நடத்தும் விசைத்தறி சேவை மையங்கள் தறிக்காரர்களுக்குத் தொழில்நுட்ப உதவி அளித்து வருகின்றன.

பொருத்தப்பட்டவற்றில் மிகப் பயனுள்ளது பாவு நிறுத்தி எனலாம். ஒவ்வொரு பாவு இழையிலும் 'டிராப் பின்' என்னும் மெல்லிய எஃகுத் தகடு தொங்கும். இழை இழுவையோடு இருக்கும் வரை தகடு மேலே நிற்கும். இழை அறுந்தால் கீழே விழுந்து மின்சுற்றை இணைக்கும்; தறி நிற்கும். ஜக்கார்டு அட்டையின் துளையைப் போல இதுவும் ஆம், இல்லை என்ற இரண்டே சொல் அறிந்த கருவி. அதனோடு ஊடை நிறுத்தி, உடனே நிறுத்தும் பிரேக், எடைக்கல்லுக்குப் பதிலாக உருளையின் பருமனுக்கேற்பப் பாவை விடும் அமைப்பு ஆகியவையும் சேர்ந்தால் துணியில் பிழை குறையும். ஓட்டுபவர் கூடுதல் தறிகளைப் பார்க்கவும் முடியும்.

அடுத்த படி ரேப்பியர் கிட். நாடாவும், நாடாப் பெட்டியும், எறியும் கோலும் கழற்றப்படும். ஊடையைக் கவ்வி எடுத்துச் செல்லும் பட்டை பொருத்தப்படும். நூல் பெரிய கோனிலிருந்து நேராக வரும்; தார் சுற்ற வேண்டியதில்லை. தறிச் சத்தமும் குறையும். இந்த ஆதாயத்தின் மறுபக்கம், தார் சுற்றி நாலு காசு பார்த்துவந்த வீட்டுப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அந்த வேலை இல்லாமற் போவது. திட்ட மதிப்பீடுகளில் இந்தக் கணக்கைக் காண்பது அரிது.

வேகத்தைப் பொறுத்தவரை கிட்டால் பெரிய மாற்றம் வருவதில்லை. புதிய ஏர்ஜெட் தறி நிமிடத்துக்கு 600 ஊடைக்கு மேல் போடும். கிட் ஏற்றிய பழைய தறியை அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்குத் துரத்தினாலும் சட்டம் தாங்காது. மில்லிங் இயந்திரத்தோடு ஒப்பிட்டுச் சொன்னது இங்கே விளங்கும். அங்கே கனத்த உடல் புதிய கட்டுப்பாட்டுக்கு இடம் கொடுத்தது. இங்கே உடலே வரம்பாகி நிற்கிறது.

முழுமையான கணினிக் கட்டுப்பாடு பழைய தறியில் ஏறிய இடம் ஒன்று உண்டு. ஆனால் அது பல்லடம் அன்று. பிரிட்டனின் போனாஸ் நிறுவனம் 1983இல் மிலான் நகரக் கண்காட்சியில் மின்னணு ஜக்கார்டை அறிமுகம் செய்தது. இன்று காஞ்சிபுரம், ஆரணி பட்டு நெசவாளர்களிடையே மின்னணு ஜக்கார்டுப் பெட்டி பயன்பாட்டுக்கு வந்துள்ளது. அட்டைக் கோவை போய், பூ வடிவம் கணினிக் கோப்பாக நினைவுக் குச்சியில் வருகிறது. கீழே மரத்தறி, காலால் மிதித்து, கையால் நாடா தள்ளும் அதே நெசவு. பட்டுப் புடவையின் மதிப்பு, அந்தச் செலவைத் தாங்குகிறது. பூவே இல்லாத காடா துணிக்கு ஜக்கார்டால் வேலையில்லை.

ஆதாயம் யாருக்கு

மேம்படுத்திய தறியில் பிழை குறைந்த துணி வருகிறது. அத்துணிக்கு உற்பத்தியாளர் சந்தையில் நல்ல விலை பெறக்கூடும். தறிக்காரருக்கோ பிடித்தம் குறைவதே உறுதியான ஆதாயம். தரத்துக்கென்று தனிக் கூலி, ஒப்பந்தத்தில் எழுதப்பட்டால்தான் உண்டு. கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலி ஒப்பந்த வரலாறு அதற்கு நம்பிக்கை தருவதாக இல்லை. 2014இல் பேசி முடித்த கூலி பல இடங்களில் நடைமுறைக்கு வராமல் குறைந்துபோனது என்பது தறிக்காரர் சங்கங்களின் நெடுநாள் குறை. 2022 தொடக்கத்தில் இவ்வட்டாரத்தின் கூலித் தறிகள் வாரக்கணக்கில் நிறுத்தப்பட்டன. 2025 மார்ச்சில் மறுபடியும் நிறுத்தப்பட்டன. இரண்டு முறையும் கோரிக்கை கூலி பற்றியதே.

நூல் விலை ஏறும்போது கூலி பேச்சு தள்ளிப்போகும். ஆர்டர் இல்லாதபோதும் தள்ளிப்போகும். இந்நிலையில் மானியம் போக மீதியைத் தாமே போட்டுக் கிட் வாங்கும் தறிக்காரர், அந்தப் பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று கணக்குப் போடுகிறார். அக்கணக்கு பல வேளை பழைய தறியை அப்படியே ஓட்டச் சொல்கிறது. அதைத் தொழில்நுட்பத்தின் மீதான அச்சம் என்று எழுதுவது தவறு. கூலிப் பட்டியலில் இடமில்லாத ஒன்றுக்கு அவர் செலவு செய்ய மறுக்கிறார், அவ்வளவே.

பழைய தறிகளை உயிரோடு வைத்திருப்பதில் மின்சாரச் சலுகைக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் விசைத்தறிகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 500 யூனிட் இலவச மின்சாரம் 2006இல் தொடங்கியது. 2016இல் அது 750 யூனிட்டாகவும், 2023இல் 1,000 யூனிட்டாகவும் உயர்ந்தது. பெரிய ஆலைகளுக்கு இது பொருட்டன்று. சில தறிகளே உள்ள குடோனுக்கு இது வாழ்வாதாரம்.

கடனோ கூலியோ கட்டுப்படியாகாமல் தொழிலை விட்டவர்களின் தறிகள் எடைக்கு எடை பழைய இரும்பாகப் போவது வழக்கம். அப்படிப் போகும் தறிகளில் நாடாத் தறியும் உண்டு. மானியத்தில் டிராப் பின் பொருத்திய தறியும் உண்டு. இரும்புக் கடைத் தராசில் இரண்டுக்கும் கிலோ விலை ஒன்றுதான்.